வளர்ச்சி: பூஜ்யம்

தலைமையாசிரியர் அறையில் நான்கு பேர். மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியர். முன்னால், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்த ஒரு அம்மா. அவள் பக்கத்தில், இந்த வருடம்தான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த மகள். பிரிண்டர் ஓரமாகக் கம்ப்யூட்டர் லேப் ஊழியர். எந்நேரமும் கழுத்தில் கேபிளைச் சுற்றிக்கொண்டு திரிவதால் பள்ளி முழுக்க அவருக்குப் பெயர் ‘வயர்’.

நாற்காலிகள் காலியாக இருந்தன. யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

“இதைப் பாருங்கம்மா.” தலைமையாசிரியர் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். முழுக்கப் பச்சை வரிகள். நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு. “நூத்தி எண்பது பிள்ளைங்க. எல்லாருக்கும் வளர்ச்சி இருக்கு. உங்க பொண்ணுக்கு மட்டும் பூஜ்யம்.”

“பூஜ்யம்னா? ஒண்ணுகூடச் சரியாப் போடலையா?”

“மார்க் போடுற முறையையே எடுத்தாச்சும்மா. இப்போ மெஷின்தான் அளக்குது. வருஷ ஆரம்பத்துல ஒரு தடவை, இப்போ ஒரு தடவை. சரியாச் சொன்னா அடுத்த கேள்வி கஷ்டமா வரும், தப்பாச் சொன்னா சுலபமா வரும். பிள்ளை எந்த மட்டத்துல நிக்குதுன்னு அதுவே பிடிச்சுடும். முதல் தடவைக்கு இந்தத் தடவை எவ்வளவு ஏறியிருக்குன்னு எனக்கு ஒரே ஒரு நம்பர் அனுப்பும்.” சிவப்பு வரியை விரலால் தட்டினார். “இவ ஏறவே இல்ல. வெச்ச இடத்துலயே கெடக்கா.”

“சார், அதுல ஒரு விஷயம்...” என்றார் வயர்.

“உன்னைக் கேட்டனா? நீ பிரிண்டரைப் பாருப்பா.”

வயர் பிரிண்டரைப் பார்த்தார். அவருடையது வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. புதுப்பிக்கிற கையெழுத்து எதிரில் இருப்பவருடையது.

“மத்த பிள்ளைங்க ஒரு மணி நேரம் மண்டையை உடைச்சுக்குது. இவ ரெண்டு தடவையும் இருபதே நிமிஷத்துல எழுந்து வந்துட்டா. அவ்வளவு அலட்சியம்.”

“நான் எழுந்து வரல சார்” என்றாள் மகள். “அதுவா நின்னுடுச்சு.”

“அது எப்படிம்மா தானா நிக்கும்? மெஷினே ‘போதும்டா சாமி’ன்னு கையெடுத்துக் கும்பிட்டுடுச்சா?”

அந்த நகைச்சுவைக்கு அவர் மட்டும்தான் சிரித்தார். பிறகு ஒரு படிவத்தை நகர்த்தினார்.

“நாளையிலேருந்து நாலாம் வகுப்புல உக்காரட்டும். அடியிலேருந்து படிச்சுட்டு வரட்டும். இங்க ஒரு கையெழுத்து.”

அம்மா பேனாவை எடுத்தாள். பிளீச்சிங் தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

“போடாதம்மா.”

“சும்மா இருடி.”

“போடாத. நான் அந்தப் பொடிசுங்க பெஞ்சுல போய் உக்கார மாட்டேன். நான் ஒண்ணும் மக்கு இல்ல.”

அம்மா படிவத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள். படித்து முடித்ததும் பேனாவை மூடினாள்.

“போட மாட்டேன் சார்.”

“அப்போ டி.சி. வாங்கிக்கோங்க. வேற ஸ்கூல் பாருங்க.”

“அதையும் வாங்க மாட்டேன்.” குரல் உயரவில்லை. “ராத்திரி பூரா ரத்தம் பட்ட துணி வெளுக்கிறேன் சார். கறை போகலைன்னா துணியைக் கிழிச்சு எறியுறதில்ல, மறுபடி போடுவோம். இவளுக்கும் மறுபடி வைங்க. இப்பவே வைங்க. நான் நிக்கிறேன்.”

“ரெண்டு தடவை வெச்சுப் பாத்தாச்சும்மா!”

“மூணாவது தடவை பாருங்க.”

தலைமையாசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். “சரி. இந்தத் தடவையும் பூஜ்யம் வந்தா?”

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“நீங்க சொன்ன இடத்துல கையெழுத்துப் போடுறேன்.”

“சார், தயவுசெஞ்சு...” என்று ஆரம்பித்தார் வயர்.

“லேப்பைத் திற. முதல்ல அதைச் செய்.”

லேப் வராந்தாவின் கோடியில் இருந்தது. வயர் உள்ளே போய் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் போட்டுவிட்டு வந்தார். “நீயும் கூட உக்காரு. இவ என்ன பண்றான்னு பாரு” என்றார் தலைமையாசிரியர்.

“யாரும் வர வேணாம்” என்றாள் மகள். “அப்புறம் வயர் அண்ணன்தான் சொல்லிக்குடுத்தாருன்னு சொல்வீங்க.”

“வாய் மட்டும் பத்தாம் வகுப்புக்குப் பேசுது” என்றார் அவர்.

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

அம்மா கதவைப் பார்த்தபடி நின்றாள். அவள் கையில் அந்தப் படிவம் இருந்தது. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வயர் கழுத்திலிருந்த கேபிளைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்தார். “வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி சார், சொல்லிடுறேன். இன்னிக்கும் பூஜ்யம்தான் வரும். இன்னும் பத்துத் தடவை வெச்சாலும் பூஜ்யம்தான்.”

அம்மாவின் கையில் படிவம் கசங்கியது.

“பாத்தீங்களாம்மா? எங்க ஆளே சொல்றான்.” தலைமையாசிரியர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். “ஏன்னு நீயே சொல்லுப்பா, அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.”

“முதல் தடவையே உச்சியில போய் நின்னுட்டா சார். அவளை அதுக்கு மேல கேக்க மெஷின்கிட்ட கேள்வி இல்ல.”