சிவப்புப் பென்சில்

உள்ளே காகிதம் சரசரத்தது. பிறகு டிரங்குப் பெட்டி மூடுகிற சத்தம். அதற்கப்புறம்தான் தாழ்ப்பாள் விலகியது.

வாசலில் நின்ற ஹெர்பர்ட்டுக்கு அந்தச் சத்தமே போதுமாயிருந்தது. அப்பாவை அடக்கம் செய்து மூன்று நாள் முழுசாக ஆகவில்லை. அதற்குள் தங்கை பெட்டியைக் குடைகிறாள்.

அவனுக்குத் தங்கவயல் சுரங்கத்தில் டைம்கீப்பர் வேலை. ஐந்து நிமிஷம் தாமதமாக வந்த சொந்த மைத்துனனுக்கே ஆப்சென்ட் போட்டவன். தந்தி கிடைத்து, லீவு கிடைத்து, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்குவதற்குள் அப்பா ஆம்ப்ரோஸ் மண்ணுக்குள் போய்விட்டார்.

ஒரு வருஷமாகவே தொண்டையில் கட்டி, படுத்த படுக்கைதான். இருந்தாலும் சாயங்காலம் கஞ்சி குடித்த மனுஷன் விடியும்போது இல்லை. மருந்து மாறிப்போய்விட்டது என்று மட்டும் தங்கை பிரிஜெட் பங்குச் சாமியாரிடம் சொல்லியிருந்தாள். யார் மாற்றியது என்று அவரும் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் குடியிருந்த ரிச்சர்ட்ஸ் டவுனில் கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

"பெட்டியில என்ன?"

"பழைய காகிதம்ணே. அடுப்புப் பத்த வைக்க."

அவனே குனிந்து திறந்தான். வீட்டுப் பத்திரம் இருக்கும் என்று நினைத்தான். இருந்தது அச்சுத்தாள் கட்டு. கன்டோன்மென்ட்டில் ஒரு இங்கிலீஷ் அச்சாபீசில் ஆம்ப்ரோஸ் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். படுத்த பிறகும் தாள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஓரமெல்லாம் சிவப்புப் பென்சிலில் சின்னச் சின்னச் சுழி.

ஹெர்பர்ட் நாலைந்து தாளைப் புரட்டினான். முகம் இளகியது. பிறகு இறுகியது.

ஜன்னலில் இரண்டு பாட்டில் நின்றன. ஒன்று உள்ளுக்குக் குடிக்கிறது, மற்றது மேலுக்குத் தடவுகிறது. தடவுகிற பாட்டில் காலி. அதை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"வலியில கிடந்துக்கிட்டே ஒரு கமாவைக்கூட விடலை அவர். இந்தக் கண்ணு பாட்டிலை மாத்தி எடுக்குமா, பிரிஜெட்?"

அவள் ஜெபப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"ரெண்டுல ஒண்ணுதான். அவரே தெரிஞ்சு குடிச்சிருக்கணும். இல்லேன்னா நீ குடுத்திருக்கணும். அவரே குடிச்சிருந்தா, நேரா சாமியார்கிட்ட போய் சொல்லிடுவேன். தன்னைத்தானே மாய்ச்சுக்கிட்டவருக்குக் கல்லறைத் தோட்டத்துல, அம்மா பக்கத்துல, இடம் கிடையாது. தோண்டி எடுத்து மதிலுக்கு வெளியே வைக்கச் சொன்னாலும் சரின்னுதான் சொல்லுவேன். பெத்த அப்பன்னாலும் கோயிலை ஏமாத்த என்னால ஆகாது."

சொன்னால் செய்வான். வாசலில் ஜட்கா வண்டி காத்துக்கொண்டிருந்தது.

"நான்தான் குடுத்தேன்," என்றாள் பிரிஜெட்.

அவன் காலி பாட்டிலைத் திருப்பிப் பார்த்தான்.

"விடியறதுக்கு முன்னால ரொம்ப இருமினார். கைக்கு வந்த பாட்டிலைத் திறந்து ஊத்திட்டேன். நிக்கலை. திரும்பவும் ஊத்தினேன்."

"விஷம்னு சிவப்பா அச்சடிச்சிருக்கு பார்."

"எனக்கு எங்கண்ணே இங்கிலீஷ் தெரியும்?"

அவளுக்குப் பத்து வயதானபோது தங்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்படி கன்னியாஸ்திரீகள் வீடு தேடி வந்து கேட்டார்கள். அடுப்பு ஊதுகிறவளுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று சொன்னவன் அவன்தான். அதோடு அவள் பள்ளிக்கூடம் நின்றது.

ஹெர்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்தான். தணிந்த குரலில் பேசினான்.

"அறியாமச் செஞ்சதுன்னு சாமியார் மன்னிச்சிடுவார். உன்னைப் போலீஸ்ல குடுக்கவும் எனக்கு மனசு வரலை. ஆனா அப்பனை அனுப்பின கையால நான் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். இனிமே இந்த வாசலுக்கு வர மாட்டேன். லெட்டரும் போடாதே."

"சரிண்ணே."

அவள் வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்தான். போகும்போது கட்டிலிலிருந்த அப்பாவின் தலையணையை ஒரு தடவை தடவிப் பார்த்தான். ஜட்காவின் மணி தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

கதவைச் சாத்திவிட்டு பிரிஜெட் ஜெபப் புத்தகத்தைப் பிரித்தாள். நடுவே மடித்த துண்டுத்தாள், அப்பாவின் கோணல் கையெழுத்தில், இங்கிலீஷில். பள்ளிக்கூடம் நின்ற வருஷமே, அச்சுத்தாளை மடியில் விரித்து அவர் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்பது இருவருக்குள் இருந்த பேச்சு.

நாலாவது தடவையாகப் படித்தாள். வலி தாங்கவில்லை, மன்னித்துவிடு என்று எழுதியிருந்தார். உன் அம்மா பக்கத்தில் கிடக்க விடுவார்களா என்பது ஒன்றுதான் பயம் என்று முடித்திருந்தார்.

தாளை அடுப்பில் போட்டாள். அண்ணன் தொடாத காப்பியை அதே நெருப்பில் சூடுபண்ணிக் குடித்தாள்.

திங்கட்கிழமை அச்சாபீசுக்குக் கட்டு போய்ச் சேர வேண்டும். அப்பா முடித்து வைத்தது என்று இந்த ஒரு தடவை சொல்லிக்கொள்ளலாம்.

பெட்டியைத் திறந்து, விட்ட இடத்தைத் தேடினாள். எண்பத்து மூன்றாம் பக்கம். தலைகீழாக விழுந்திருந்த ஓர் எழுத்தை, ஒரு வருஷமாக அப்பா பெயரில் தானே போட்டுவரும் அதே சின்னச் சுழியால், சிவப்புப் பென்சிலில் சுழித்தாள்.