முள் நூல்

"சின்னத் துளை வழியாத்தான் கர்ப்பப்பையை எடுக்கிறோம்" என்றார் டாக்டர். "எடுத்த இடத்தை முடிச்சுப் போட்டும் தைக்கலாம், முள்ளு வெச்ச நூலாலயும் தைக்கலாம். அதுக்கு முடிச்சே வேணாம், தானாப் பிடிச்சுக்கும்."

பூரணம் கணவர் மாசிலாமணியைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க டெய்லரையே கேளுங்க."

முடிச்சு உறுத்துமே என்று மாசிலாமணி முள் நூலைச் சொன்னார்.

வீடு திரும்பிய பத்தாம் நாள், ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்து முடிச்சிடும்போது அவர் விரல்கள் நின்றன. முடிச்சிடாமல் எந்தத் துணியையும் அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

அடுக்களையில் பூரணம் தும்மினாள். மறுபடியும் தும்மினாள்.

"வயித்தைப் பிடிச்சுக்க, பூரணம்!"

"பிரிஞ்சா நீங்களே தைச்சு விடுங்க!"

அடுத்த தும்மலுக்கு அவள் மூச்சை இழுப்பது கேட்டது. ஊசியைப் பிடித்தபடி அவர் காத்திருந்தார். தும்மல் வரவில்லை.