மூத்த ரெஜிமெண்டின் மரியாதை

"ஆட்டுப்பாதையா?" ஜெனரல் கிரெல்விட்ஸ் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஆமாங்க பிரபு, குன்றுக்கு இடப்பக்கம். நேத்து நானே ஏறிப் பார்த்தேன். உச்சியில இருக்கிற ஆஸ்திரியாக்காரங்க பீரங்கி எல்லாம் முன்பக்கம்தான் பார்க்குது. பாதையில ஒரு காவல்கூட இல்ல. பக்கவாட்டுல போய் அவங்க மேல பாய்ஞ்சா ஒரு மணி நேரத்துல முடிச்சிரலாம்."

"கேப்டன், இடப்பக்கம் திரும்பினா யாரு முதல்ல போவாங்க?"

"இடக்கோடியில நிக்கிற புது ரெஜிமெண்ட், பிரபு."

"வலக்கோடியில நிக்கிற மூத்த ரெஜிமெண்ட் அவங்க பின்னால போகணுமா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து அவங்களுக்குத்தான்யா முதல் இடம். அந்த மரியாதையை நான் கெடுக்க மாட்டேன். நேரா ஏறுங்க. பிரஷ்யாக்காரன் ஆடு போற வழியில போக மாட்டான்."

நேராக ஏறினோம், முரசு அடித்துக்கொண்டு. ஆள் செத்தாலும் வரிசை கலையக் கூடாது. அதுதான் எங்கள் ராணுவம். தூ!

மூன்று முறை சரிந்து, நான்காம் முறை உச்சியைப் பிடித்தபோது என் கம்பெனியில் நூற்றிருபது பேரில் பதினேழு பேர்தான் மிச்சம். மூத்த ரெஜிமெண்டில் கொடியைப் பிடிக்கக்கூட ஆளில்லை.

எதிரி ஓடி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காயம்பட்டவர்களைத் தேடிக்கொண்டிருந்த எனக்குக் காபி வாசனை அடித்தது. திரும்பினால், நாற்காலி போட்டு ஜெனரல் உட்கார்ந்திருந்தார். பூட்ஸில் பொட்டுச் சேறில்லை.

"எப்படி வந்தீங்க, பிரபு?"

"முன்பக்கம் பூரா பிணம். குதிரை மிரளுது." கோப்பையால் இடப்பக்கம் காட்டினார். "நீ சொன்ன பாதை நல்லாத்தான்யா இருக்கு. காபி ஒரு சொட்டுச் சிந்தல."