கடைசிக் கோப்பு

திரை மறுபடியும் கறுத்தது.

வாள்வீரன் கோட்டை வாசல்வரை வந்தான். கதவு திறக்க வேண்டிய நேரத்தில் எல்லாம் நின்றுபோனது.

மணி ஒன்று. வெளியீடு நான்குக்கு.

அவள் பதறவில்லை. காரணம் தெரிந்த கோளாறுதான்.

முப்பது வருடப் பழைய ஜப்பானிய விளையாட்டு. குறுந்தகட்டில் இருந்ததைக் கோப்பு கோப்பாகப் பிரித்து, இரண்டு வருடம் உட்கார்ந்து தமிழில் வசனம் எழுதி, மறுபடி முழுத் தகட்டின் நகலாக, ஒரே டிஸ்க் இமேஜாகக் கட்டியிருந்தாள். அந்தக் காலத்து இயந்திரம் இப்போது கிடைக்காது. அதைப்போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் மடிக்கணினியில் இருந்தது.

அதை வெளியிடும் தமிழ்ப் பேரவையில் ஒருவரும் அவள் வசனத்தில் ஒரு வரி படித்ததில்லை.

நேற்றுவரை கதவு திறந்தது. நேற்று மாலைதான் தலைவர் அறவாழி முகப்புத் திரைக்கான பட்டியலை அனுப்பினார்.

தலைமை: மென்பொருள் மாமணி அறவாழி. முன்னிலை: கணினிச் செம்மல் நன்மாறன். பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. மொத்தம் பதினாறு பெயர்.

பேரவையில் உறுப்பினர்களும் பதினாறு பேர்தான். பட்டங்கள், போன வருடம் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொண்டவை.

பட்டங்களால் முகப்புக் கோப்பு வீங்கியது. வீங்கிய கோப்பு, அடுத்திருந்த கதவின் கோப்பை நகர்த்திவிட்டது. விளையாட்டோ கதவைப் பழைய இடத்திலேயே தேடியது.

பட்டங்களை மட்டும் எடுத்துவிடலாமா என்று தலைவரிடம் போனில் கேட்டுப் பார்த்தாள்.

"பேரைக்கூட எடுத்துரும்மா. பட்டத்த எடுத்தா நான் மத்தவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? அதுல கைய வெச்சா வெளியீடே வேண்டாம்."

கோப்புகளின் வரிசையைத் திறந்தாள்.

கடைசிக் கோப்பு, விளையாட்டை முடித்தவருக்கு மட்டும் வரும் திரை. அதற்குப் பின்னால் யாரும் இல்லை. எவ்வளவு வீங்கினாலும் யாரையும் இடிக்காது.

பதினாறு பேரையும் அங்கே குடிவைத்தாள். இடம் தாராளம். ஆளுக்கு இன்னொரு பட்டமும் போட்டாள்.

முகப்பில் விளையாட்டின் பெயர் மட்டும்.

கதவு திறந்தது.

நான்கு மணி. பெரிய திரை, குத்துவிளக்கு, கேசரி. தலைவர் முகப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எல்லார் பேரும் இருக்குங்கய்யா, பட்டத்தோட. பன்னெண்டாவது கட்டம் முடிஞ்சதும் பெருசா வரும்."

"அப்ப அதைப் போடு."

"வெளையாடித்தான் போகணுங்கய்யா."

கன்ட்ரோலரை நீட்டினாள்.

ஐந்தரை மணிக்கு, மென்பொருள் மாமணி முதல் கட்டத்து வௌவாலிடம் பத்தொன்பதாவது தடவையாகச் செத்தார். பொன்னாடை எப்போதோ நாற்காலிக்குப் போயிருந்தது. தலைமையுரையை யாரும் கேட்கவில்லை.

"இப்பக் குதிங்க தலைவரே." பின்னால் பதினைந்து பேர்.

வௌவால் ஒவ்வொரு முறையும் ஒரே வரியைத்தான் சொன்னது. இப்போது அரங்கே அதைச் சேர்ந்து படித்தது.

'சாப்பிட்டுவிட்டு வந்து சண்டை போடு, தம்பி.'

அவள் எழுதிய வரி.

சோதித்துப் பார்த்தபோது அவள் சேமித்து வைத்த கடைசிக் கட்டம் எமுலேட்டரில் அப்படியே இருந்தது. ஒரு விசையை அழுத்தினால் போதும், பதினாறு பேரும் பட்டத்தோடு திரைக்கு வந்துவிடுவார்கள்.

அவள் இன்னும் கொஞ்சம் கேசரி வைத்துக்கொண்டாள்.