பச்சைப் புள்ளி

வேலையே ஓட மாட்டேன் என்கிறது என்று பக்கத்து இருக்கை அன்சாரியிடம் புலம்பினேன். அவன் என் கணினியின் அமைப்புகளுக்குள் போய் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினான், அசைவுகளையும் நிறுத்தினான். "இனிமே வேடிக்கை பார்க்க ஒண்ணுமில்ல மாப்ள. ஒழுங்கா வேலையப் பாரு."

நான் பார்த்த ஒரே வேடிக்கை, அரட்டைச் செயலியில் என் மனைவி செண்பகவல்லியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளி. அவள் கோபித்துக்கொண்டு கோவைக்குப் போய் ஐந்து மாதம். புள்ளி பச்சையாக இருந்தால் அவள் இருக்கிறாள். எழுதப் பயமாக இருக்கும். சாம்பல் நிறமாகிவிட்டால் அவள் இல்லை. எழுதி என்ன பயன் என்பேன். ஐந்து மாதத்தையும் இப்படித்தான் வீரமாகக் கடத்தினேன்.

இப்போது கறுப்பு வெள்ளைத் திரையில் எல்லாப் புள்ளியும் சாம்பல். இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத தைரியத்தில், "சாப்ட்டியா வல்லி?" என்று அனுப்பிவிட்டேன்.

அவள் பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள் வந்தன. அவள் எழுத எழுத அவை துள்ள வேண்டும். அசைவை நிறுத்தியிருந்ததால் அப்படியே நின்றன. எழுதுகிறாளா, எழுதியதை அழிக்கிறாளா?

அன்சாரி எட்டிப் பார்த்தான். "என்னடா, இப்பவும் வேலை ஓடலையா?"

"சும்மா இருடா," என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கவனம் கலையுது."