எண் இரண்டுக்கு நேரே

அவள் வளையலை அழுத்தினாள். இசைவாணியின் விரல்முட்டியை அது தாண்டவில்லை.

மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு. முதல் வளையலைத் தாய்தான் போடவேண்டும்.

தாய் அவள்தான். இருபத்தேழு வருடமாக. தத்துப் பத்திரம் பீரோவில் இருக்கிறது.

பெற்றவள் வாசலோரம் நின்றிருந்தாள். செவந்தி. இசைவாணியே தேடிக் கண்டுபிடித்து அழைத்திருந்தாள். அதே நெற்றி, அதே மோவாய். வந்தவர்களெல்லாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

வளர்த்தவளுக்கு வயிறு எரிந்தது.

ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நேற்று மேசைக்கு வந்த சொல் ‘பிகெட்’. பிள்ளை உண்டாக்குவதைச் சொல்லும் பழைய ஆங்கில வினை. பெரும்பாலும் தகப்பனுக்குச் சொல்வது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அதற்கு வேறு பொருள். பாடுபட்டு அடைவது. பிள்ளை பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

எந்தப் பொருள் பழையதோ அதற்கே எண் ஒன்று. அலுவலக விதி.

‘முயன்று அடைதல்’ என்று எழுதி, எண்ணைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். இங்கிலீஷ்காரனே தன் கட்சி என்று ஒரு சந்தோஷம். அற்ப சந்தோஷம்தான்.

பிள்ளை வரவேண்டிய எண் இரண்டுக்கு நேரே எதுவும் எழுதாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று இரவு இசைவாணி கேட்டாள், பிரசவ வலி எப்படி இருக்கும் என்று. பந்திக்கு எத்தனை பேர் என்று இவள் பேச்சை மாற்றினாள்.

இப்போது வளையல் ஏறவில்லை.

இரண்டேகால் அங்குலம். மகளின் அளவு அவளுக்குத் தெரியாதா? கல்லூரி நாளிலிருந்து அவள்தானே வாங்குகிறாள்.

பக்கத்தில் யாரோ வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்கள். செவந்தி. உள்ளே பச்சைக் கண்ணாடி வளையல்கள். இரண்டரை.

“இவ வயித்துல இருந்தப்ப எனக்கும் கை இப்படித்தான் வீங்கிச்சுக்கா.”

மெதுவாகத்தான் சொன்னாள். கூடம் முழுக்கக் கேட்டதுபோல் இருந்தது.

அவள் அதை வெடுக்கென்று பிடுங்கி, முதல் வளையலைத் தானே போட்டாள். தடையில்லாமல் ஏறியது. அதுவும் எரிந்தது.

செவந்தி வாசலோரத்துக்கே திரும்பிப் போனாள்.

ஜெயித்தாயிற்று.

மகள் இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். நேற்றுக் கேட்டபோது இருந்த அதே முகம்.

மிச்ச வளையல்களை வைத்துவிட்டு அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

“செவந்தி, வலி எத்தன நேரம் இருந்துச்சு?”