மானாப்புல் சரிவில் செம்பு

"அந்த எடத்துல செம்பு இருக்குங்க சேர். எம்மேல சத்தியமா இருக்கு."

மாரிசாமி மறுபடியும் தொடங்கியதும் கஜேந்திரனுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. வந்த நாளிலிருந்து இதே பாட்டுத்தான்.

ஹாலிஎலைக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்து மலையில், மண்ணுக்கடியில் செம்புத் தாது ஓடுகிறதா என்று கருவி வைத்துப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. எங்கெங்கே நடக்க வேண்டும் என்று கொழும்பிலேயே வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். மாரிசாமி காட்டுகிற மானாப்புல் சரிவோ அந்தக் கோடுகளுக்கு வெளியே கிடந்தது.

மாரிசாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். கருவிகளைச் சுமக்க வந்த முதல் நாளே, மண்ணுக்குள் கிடந்த ஒரு பழைய தண்ணீர்க் குழாயை மெஷின் காட்டிக்கொடுத்ததைப் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது உடும்புப் பிடி.

"ஆசை யார விட்டுச்சு? செம்பு இருக்குன்னு சொல்லிட்டா இந்த லய வீட்ட விட்டுட்டுப் புது வீட்டுக்குப் போகலாம்னு எவனாச்சும் சொல்லியிருப்பான்" என்றான் கஜேந்திரன், அவர் அந்தப் பக்கம் போனதும்.

கூட வேலை பார்க்கும் ஷாஹ்மி சிரித்தான். "போற போக்குல ஒருக்கா நடந்து காட்டிருங்களேன் சேர். இல்லன்னு தெரிஞ்சா மனுசன் சும்மா இருப்பாரு."

அன்று கடைசி நாள். சாயங்காலம் மெஷின் ஜீப்பில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். இனி இந்த மலைப்பக்கம் வராது. அது மாரிசாமிக்கும் தெரியும். ஜீப்புக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு தடவ சேர். இல்லன்னு காட்டுச்சின்னா இனி வாயத் தொறக்க மாட்டேன்."

"நான் என்ன குறி சொல்றவனா, கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் வந்து நிக்கிறதுக்கு?" என்று முணுமுணுத்தான் கஜேந்திரன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஏறிப் போக மனம் வரவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

சுற்றிலும் தேயிலை. நடுவில் ஒரு விளையாட்டுத் திடலளவுக்கு மட்டும் செடியே இல்லாமல் மானாப்புல் மண்டிக் கிடந்தது. காலை வைத்ததுமே கஜேந்திரனுக்குத் தெரிந்துவிட்டது, இது மேலேயிருந்து உருண்டு வந்த மண். இதற்குள் தாது எங்கே இருக்கப்போகிறது? வேண்டாத வேலை.

"சாவி, மணிக்கூடு, கத்தி எல்லாத்தையும் வச்சிட்டு வாங்கண்ணே. மெஷின் கொழம்பிரும்."

மாரிசாமி கவ்வாத்துக் கத்தியை ஓரமாக வைத்தார். தாயத்துக் கோத்த அரைஞாணைக் கழற்றி வைத்தார். அப்புறம் செருப்பையும் கழற்றினார்.

"ரப்பர் செருப்புக்கு மெஷின் ஒண்ணும் சொல்லாது. போட்டுக்கங்க, அட்ட புடிச்சிரும்."

"இருக்கட்டும்ங்க சேர்" என்று வெறுங்காலோடு புல்லுக்குள் இறங்கினார்.

நீளக் குழாய் போன்ற கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கஜேந்திரன் மேலும் கீழுமாக நடந்தான். ஒன்றுமில்லை. பனி இறங்கத் தொடங்கியது. மாரிசாமி பின்னாலேயே வந்தார். பாவம், இவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி கீழ் ஓரத்தில் திரும்பும்போதுதான் கருவி கத்தியது.

பின்னால் போய் மறுபடி வந்தான். அதே இடத்தில் மறுபடி கத்தியது. இரும்பைக் காட்டும் இன்னொரு கருவியை ஷாஹ்மி கொண்டுவந்து அங்கேயே வைத்தான். அது அசையவில்லை.

"இரும்பு இல்ல சேர். செம்பு, இல்லாட்டிப் பித்தள."

மாரிசாமி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கஜேந்திரனுக்குச் சங்கடமாகப் போயிற்று. வீணாக ஆசை காட்டிவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. பக்கத்தில் குந்தினான்.

"அண்ணே, இது தாது இல்ல. தாதுன்னா மலைக்குள்ள தூரத்துக்கு ஓடும். இது சின்னது. இடுப்பளவு ஆழத்துல ஏதோ ஒரு பாத்திரம் கெடக்கு, அவ்வளவுதான். இதுக்காக ஒருத்தனும் இங்க வரமாட்டான்."

"தெரியும்ங்க சேர்." அவர் கை மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தது. "எங்க தோண்டுறதுன்னுதான் இத்தன நாளும் தெரியல. இப்ப நீங்க தோண்டித் தருவீங்களா?"

"எங்களுக்கு மண்ணத் தொட அனுமதி இல்லண்ணே. பாத்துட்டுப் போறதோட சரி. தோட்டத்துல கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டேங்க. இங்க மம்பட்டி வச்சா மேல் மண்ணும் வந்துரும், யாரும் தொடக்கூடாதுன்னு தோட்டத்துத் தொர சொல்லிட்டாரு."

கீழே பாதையில் டிரைவர் ஹோர்ன் அடித்தான். மழை தூறியது. தேற்றுவதாக நினைத்துக் கஜேந்திரன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"சரி, விடுங்கண்ணே. ஒரு பாத்திரந்தானே? போனது போகட்டும். புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்."

மாரிசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"மல சரிஞ்சப்ப அந்தக் கொடம் எம் பொஞ்சாதி இடுப்புல இருந்துச்சுங்க சேர்."